இரட்டைப் பூட்டு அலமாரியும் வெந்நீர் வாளியும்

அவசர சிகிச்சைப் பிரிவு என்றதும் ஊருக்கெல்லாம் ஸ்ட்ரெச்சரும் சைரனும்தான் ஞாபகம் வரும். என் கண் போவதோ மூலையில் நிற்கும் அந்த அலமாரி மேல். ஒரு கதவு, இரண்டு பூட்டு! சாவிகள் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. உள்ளே மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வலி ஊசிகள். ஓர் ஆம்பியூல் வெளியே வந்தால் நோயாளி பெயர், நேரம், அளவு, இருப்பு எல்லாம் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். பாதி மருந்து போதுமென்றால் மீதியைக் கொட்டுவதற்கும் ஒரு சாட்சி வேண்டும். காலி ஆம்பியூலைக்கூட எண்ணித் திருப்பிக் கொடுக்கணும். நகைக்கடை லாக்கர் தோற்றது போங்கள்!

இவ்வளவு காவலும் ஆஸ்பத்திரி வாசல் வரைதான். வீட்டுக்கு எழுதித் தரும் ஓபியாய்டு மாத்திரை நோயாளியின் சட்டைப் பையில் ஏறிவிட்டால் எந்தப் பூட்டும் கூடப் போகாது. அதனால் டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வருவதற்கு முந்தைய ஐந்து நிமிடம் இருக்கிறதே, அது சிஸ்டரின் மேடை. இந்த ராமேஸ்வரம் கடற்கரையில் அந்தக் காட்சி தனி ரகம்.

திருக்கை முள்ளிலிருந்தே தொடங்கலாம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் இதைத் தெரியாத வீடு கிடையாது. முள் ஏறினால் ஆம்பளைச் சிங்கமும் கதறும். “ஊசி போடுங்க சிஸ்டர்!” என்று அலறுகிறவருக்கு முதலில் வர வேண்டியது ஒரு வாளி வெந்நீர். சுமார் 45 டிகிரிச் சூட்டில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை காலை அதில் வைக்க வேண்டும். வலி இறங்க இறங்க முகம் மாறுவதைப் பார்க்கணுமே! சூட்டை மட்டும் அடிபடாத காலை விட்டுத்தான் பார்க்க வேண்டும். வலியில் துடிக்கிற காலுக்குக் கொதிப்பது தெரியாது. எல்லா வலிக்கும் பெரிய ஊசிதான் மருந்து என்ற நம்பிக்கை அந்த வாளியிலேயே பாதி கரைந்துவிடும்.

விசைப்படகு விஞ்சில் கை மாட்டி எலும்பு முறிந்தவருக்கு வெந்நீர் போதாது. அவருக்குச் சில நாளைக்கு டிராமடால் என்ற ஓபியாய்டு எழுதப்படலாம். 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்ட மாத்திரை அது. பேச்சு இப்படித்தான் போகும்:

“அண்ணே, இதப் போட்டுக்கிட்டு கடலுக்குப் போகக் கூடாது.”

“வலையத் தொட மாட்டேன் சிஸ்டர், சும்மா உக்காந்துதான் வருவேன்.”

“உக்காந்தே தூங்கிருவீங்க. தண்ணிக்குள்ள விழுந்தா?”

சரக்கைப் பற்றி அண்ணன் வாயே திறக்க மாட்டார். பின்னால் நிற்கும் மனைவிதான் கேட்பார். சிஸ்டர் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி! “அது கூடச் சேந்தா மூச்சே அடங்கிரும்க்கா. தூக்க மாத்திரையும் கூடாது.” வலிப்பு வந்ததுண்டா, மனநலத்துக்கு மாத்திரை எடுக்கிறாரா என்ற விசாரணையும் உண்டு, டிராமடால் வலிப்பைத் தூண்டக்கூடியது. கூச்சத்தில் யாரும் கேட்காத மலச்சிக்கலைச் சிஸ்டரே எடுத்துப் போடுவார். கடைசியில் பரீட்சை: “நான் சொன்னத இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க.” அண்ணன் முழிக்க, அக்கா கடகடவென்று ஒப்பிப்பார். பாஸ்!

அக்காவுக்கு மட்டும் ஒரு பாடம் கூடுதல். கூப்பிட்டால் எழவில்லை, என்றுமில்லாத குறட்டை, மூச்சு மெதுவாகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால், விடியட்டும் என்று இருக்காமல் உடனே 108. ஆஸ்பத்திரியில் நலோக்சோன் என்ற எதிர்மருந்து உண்டு. நரம்பில் ஏற்றினால் ஓரிரு நிமிடத்தில் ஆள் கண் விழிப்பது மாயாஜாலம்தான். ஆனால் அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் தேய்ந்துவிடலாம். உள்ளே கிடக்கும் ஓபியாய்டு திரும்பவும் மூச்சை அழுத்தும். எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாலும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.

ராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தங்களில் நனைந்து, ஈரத் தரையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்ட வடநாட்டுப் பாட்டி வந்தால் பாடம் ஊமைக்கூத்தாகிவிடும். ஒரு விரல், அப்புறம் சூரியன். இன்னொரு விரல், அப்புறம் நிலா. கன்னத்தில் கை வைத்துத் தூக்கம், தள்ளாட்டம். ‘தனியாக எழுந்து நடக்காதே’ என்பதை நடித்துக் காட்டும்போது பாட்டி வலியை மறந்து சிரித்தால், பாடம் ஏறிவிட்டது என்று கணக்கு.

மிச்ச மாத்திரை விஷயத்தில்தான் சிரிப்பு நிற்கும். இலங்கைக்குக் கடத்தப் பார்த்த வலி மாத்திரைகள் இந்தக் கரையில் பிடிபடுவது செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது. வீட்டு டப்பாவில் கிடக்கும் நாலு மாத்திரைக்கு அவ்வளவு விளம்பரம் கிடையாது. மச்சானுக்கு முதுகுவலி, பக்கத்து வீட்டுக்குப் பல்வலி என்று அது சத்தமில்லாமல் தெரு மாறும். பிள்ளை கையிலும் அகப்படும். 2025-ல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, மிஞ்சினால் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டிய 17 மருந்துகளைப் பட்டியலிட்டது. டிராமடால் அதில் இருக்கிறது.

“காசு குடுத்து வாங்குனத கக்கூஸ்ல போடவா?” என்பார் அண்ணன். அதற்கும் சிஸ்டரிடம் பதில் தயார்: “மச்சானுக்கு முதுகு வலிச்சா இங்க கூட்டிட்டு வாங்க. நாங்க பாத்துக்கிறோம்.”