பாய்மரமும் தளத்தின் துளையும்

மும்பையில் வாழும் தமிழ் அன்பர்கள் பலர், மழைக்காலம் நீங்கிய மாலை வேளைகளில் கேட்வே ஆப் இந்தியாவின் அருகே நின்று, துறைமுக நீரில் மிதக்கும் பாய்ப்படகுகளைக் கண்டிருப்பீர்கள். வெள்ளைப் பாயும் அதனைத் தாங்கும் நெடிய மரமுமே கண்ணைக் கவரும். அம்மரம் படகின் மேல்தளத்தைச் சந்திக்கும் இடத்தை எவரும் உற்று நோக்குவதில்லை. படகுக்கு உடையவரோ அவ்விடத்தைத்தான் அடிக்கடி குனிந்து பார்ப்பார். அதன் காரணத்தை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

பாய்மரத்தை நாட்டும் முறைகள் இரண்டு. சிறு படகுகள் பலவற்றில் மரம் தளத்தின்மீதே நிற்கும். துளை இல்லை, ஆகவே தொல்லையும் குறைவு. மற்றொரு முறையில், மரம் தளத்தின் துளை வழியே உள்ளே இறங்கி, படகின் முதுகெலும்பு போன்ற ஏரா மரத்தின்மேல் அமைந்த குழியில் கால் ஊன்றும். அடியில் ஒரு பிடி, தளத்தில் ஒரு பிடி என இரண்டு இருப்பதால் மரம் மிக உறுதியாக நிற்கிறது. நடுக்கடலில் பக்கக் கயிறு அறுந்து மரம் முறிய நேரினும், தளத்துக்கு மேல் ஒரு துண்டு எஞ்சக் கூடும். அதில் சிறு பாயொன்றைக் கட்டிக் கரை சேரலாம். இந்த நன்மைக்கு நாம் கொடுக்கும் விலையே அத்துளை.

காற்று பாயைத் தள்ளும்போது மரம் நெம்புகோலாகித் துளையின் விளிம்பைப் பெருவிசையுடன் அழுத்துகிறது. ஆதலால் தளத்தின் அடியில், குறுக்கு உத்திரங்களுக்கு இடையே, தடித்த கட்டைகளைப் பொருத்தி அவ்விடத்துக்கு வலிவூட்டுகிறார்கள். ஆங்கில மாலுமிகள் இவற்றைப் பார்ட்னர்ஸ் என்பார்கள். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நான் இதனைப் பங்காளிகள் என்று பெயர்த்தால், நம்மவர்க்குப் பாகப்பிரிவினை வழக்குத்தான் நினைவுக்கு வரும். எனவே பிடிகட்டைகள் என்றே கூறுவேன்.

துளை மரத்தைவிடச் சற்றுப் பெரியது. இடையிலுள்ள வெளியில் ஆப்புகள் அடிக்கப்படும். பாய்மரத்தினும் மென்மையான மரத்தில், உட்புறம் மரத்தின் வளைவுக்கு இயையக் குடைந்து, ஆப்புகளைச் செதுக்குவது பழைய தச்சர் வழக்கு. முதலில் இருபுறமும் அடித்து மரத்தை நடுவில் நிறுத்துவர். பிறகே முன்னும் பின்னும். அளவு மீறி அடித்தால் மரம் நசுங்கும், தளமும் மேலெழும்பும். தளர விட்டாலோ, ஒவ்வோர் அலைக்கும் மரம் இடித்து இடித்துத் துளையையும் தன்னையும் தேய்த்துவிடும். மும்பையில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தால் கட்டி 1817-ஆம் ஆண்டு நீரில் இறக்கிய கப்பலொன்று, திருகோணமலையின் பெயரைத் தாங்கி, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதக்கிறது. அக்காலத்துப் போர்க்கப்பல்களின் பெரிய பாய்மரங்களெல்லாம் இவ்வாறு ஆப்புகளால் இறுக்கப்பட்டவையே.

இக்காலத்து அலுமினிய மரங்களுக்குக் கெட்டியான ரப்பர்த் துண்டுகளைச் செருகுகின்றனர். ஒரு பக்கம் ரப்பரை வைத்து, கப்பிக்கயிற்றால் மரத்தை அப்பக்கமாக இழுத்து, எதிர்ப்பக்கம் மற்றொன்றைச் செருகிக் கயிற்றைத் தளர்த்தினால் இரண்டும் இறுகிக்கொள்ளும். அடிப்புறத்தை அடைத்துவிட்டுப் பாலியூரித்தேன் என்னும் திரவத்தை ஊற்றி உறைய விடுவதும் உண்டு. துளையின் விளிம்பில் முன்னதாக வாசலின் தடவ வேண்டும். மறந்தால் மறுமுறை மரத்தைக் கழற்றுவது பெரும்பாடு.

இதுகாறும் கூறியது மரத்தைப் பிடித்து நிறுத்தும் வேலை. நீரை அடைப்பது முற்றிலும் வேறு வேலை. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோரே மிகுதி. ஆப்பு எவ்வளவு இறுகினாலும் நீர் கசியும். பலகை இடுக்குகளுக்குக் கலப்பற்று அடிப்பதுபோல் இங்கும் அடைத்துவிடலாமே எனில், அதுவும் நிலைக்காது. மரம் ஓயாமல் அசைவதால் கெட்டிப் பூச்சு எதுவும் வெடித்துவிடும். தேவைப்படுவது வளைந்து கொடுக்கும் ஓர் உறை. பழைய மாலுமிகள் இதற்குச் சட்டை என்றே பெயரிட்டனர். கித்தான் துணியை மரத்தைச் சுற்றித் தலைகீழாகவும் உட்புறம் வெளியாகவும் வைத்துக் கட்டி, பின்பு பாவாடைபோல் கீழே மடித்துவிட்டு, துளையின் விளிம்பு வளையத்தில் இரண்டாம் கட்டுப் போட்டு, மேலே வண்ணம் பூசுவார்கள். மேற்கட்டு துணிக்குள் மறைந்துவிடுவதால் வழியும் நீர் அதனைத் தீண்டாது. எளிய உபாயம், ஆயினும் இதனை விஞ்சியது எதுவும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இன்று துணிக்குப் பதில் ரப்பரும், கட்டுக்குப் பதில் எஃகுப் பட்டையும் வந்துள்ளன. ரப்பரை வெயில் தின்னும். ஆகையால் அதன்மேலும் ஒரு துணியுறை வேண்டும். அலுமினிய மரத்தில் பாய் ஏறும் பள்ளம் தளம் வரை நீண்டிருந்தால், சட்டைக்கு உட்பக்கமாகவே நீர் இறங்கும். அவ்விடத்தில் பள்ளத்தை நிரப்பிவிட வேண்டும்.

சில சொட்டு நீருக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். அச்சொட்டுகள் படுக்கையை நனைப்பதோடு நிற்பதில்லை. மரத்தின் வழியே இறங்கி, கண்ணுக்குத் தெரியாத அடிக்குழியில் தேங்குகின்றன. மர வேலைப்பாட்டைக் கடல்நீரினும் மழைநீரே விரைவில் உளுக்கச் செய்யும். எஃகின்மீது நிற்கும் அலுமினியமோ உப்புநீரில் அரிக்கப்படும். கால் சிறிது அமிழ்ந்தால் பக்கக் கயிறுகள் தளரும். பிறகு ஒரு பெருங்காற்றில் முழு மரமுமே சாயக் கூடும்.

கசிவு கண்டவுடன் சட்டையைப் பழிப்பதும் முறையன்று. உள்ளீடற்ற அலுமினிய மரத்தின் உச்சியில் கயிறுகள் புகும் துளைகள் உண்டு. அங்கு விழும் மழை மரத்தின் உள்ளேயே இறங்கிவிடும். எந்தச் சட்டையும் அதனைத் தடுக்க இயலாது. ஒருவர் உள்ளே விளக்குடன் அமர்ந்திருக்க, மற்றவர் வெளியிலிருந்து முதலில் விளிம்பு வளையத்திலும், பின்னர்ச் சட்டையின் மேற்கட்டிலும் குழாய்நீரைப் பாய்ச்சிச் சோதிக்க வேண்டும். இரண்டு இடங்களிலும் கசியவில்லையெனில், நீர் உள்வழியாக வருகிறது என்று கொள்ளலாம். அப்போது சட்டையை விட்டுவிட்டு, மரத்தின் காலருகே உள்ள வடிகால் துளை அடைபட்டிருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பார்க்க வேண்டியதுதான்.