பழைய காருக்குச் சலுகை: பாரம்பரிய வாகன உரிமையாளர்கள் தயங்குவது ஏன்?

புதுதில்லி: பழைய வாகனத்தை அங்கீகரிக்கப்பட்ட அழிப்பு மையத்தில் ஒப்படைப்போருக்கு, புதிய வாகனம் வாங்கும்போது பதிவுக் கட்டண விலக்கும், மோட்டார் வாகன வரியில் 25 சதவீதம் வரை தள்ளுபடியும் அளிக்க மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டுக் கொள்கை வழிவகுக்கிறது.

அன்றாடப் பயன்பாட்டுக்குக் கார் வைத்திருப்பவருக்கு இது லாபம். அம்பாசடரையும் பிரீமியர் பத்மினியையும் செப்பனிட்டுக் காப்பவர்களின் கணக்கு வேறு. அழிக்கப்படும் ஒவ்வொரு காருடனும், உற்பத்தி நின்றுபோன உதிரிபாகங்களும் குறைகின்றன என்பது அவர்களது கவலை.

முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டுகளைக் கடந்த, அசல் வடிவம் மாறாத சொந்தப் பயன்பாட்டு வாகனங்கள் ‘விண்டேஜ்’ எனத் தனியே பதிவு செய்யப்படுகின்றன. புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, செல்லுபடிக் காலம் 10 ஆண்டுகள். ஆனால், கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்ல முடியாது.

உண்மையான சிக்கல் இடைப்பட்ட வயதுடைய கார்களுக்குத்தான். 1983 டிசம்பரில் முதன்முதலாக உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்ட மாருதி 800, 2033-இல்தான் அந்தத் தகுதியை எட்டும். அதுவரை அது வெறும் பழைய கார். 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கான பதிவுப் புதுப்பிப்புக் கட்டணமும் 2025 ஆகஸ்டில் ரூ.5,000-இல் இருந்து ரூ.10,000 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. தகுதிச் சோதனையில் தேறினால் மட்டுமே புதுப்பிப்பு உண்டு.