"நீங்க யாரு?" பெற்ற மகனிடம் கேட்கும் அப்பா! மறதி நோய்க்குக் கை கொடுக்கும் கருவிகள்

குருவிகுளம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஆடித்தபசு பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை. 50 வருஷத்துக்கு முன் சங்கரன்கோவிலுக்கு வண்டி கட்டிப் போனதைக்கூட விலாவாரியாகச் சொல்வார்கள். அதே பெரியவர் சோறு போடும் மகனைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டால்?

"வயசாயிட்டா அப்படித்தான்" என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். அது தப்பு. இது "டிமென்ஷியா" என்ற மூளை நோயாக இருக்கலாம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

மகனுக்காக...

அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த என்ஜினீயர் டிரெட்கோல்ட். அவருடைய மகனுக்குத் தலையில் அடிபட்டு நினைவு கெட்டுப்போனது. தகப்பன் மனசு சும்மா இருக்குமா? நரம்பியல் உளவியல் நிபுணர் ஹெர்ஷுடன் சேர்ந்து ஒரு பேஜர் கருவியை உருவாக்கினார். 1994-ல் அது வெளியுலகுக்குத் தெரிந்தது.

குறித்த நேரத்தில் கருவி அதிரும். "மருந்து சாப்பிடு" என்று எழுத்து வரும். அமுக்க ஒரே ஒரு பெரிய பொத்தான். இங்கிலாந்தில் 143 பேரிடம் சோதித்தார்கள். சோதனையை முடித்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அன்றாட வேலைகளை முன்னைவிட நன்றாகச் செய்தார்கள் என்று 2001-ல் அறிவித்தார்கள். பேஜர் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. அந்த வேலையை இன்று செல்போனே செய்யும்.

பாக்கெட் புத்தகம்

இதைவிட மலிவான கருவியும் உண்டு. பேட்டரியே வேண்டாம். கல்யாணப் போட்டோ, பிறந்த வீடு, பிள்ளைகள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வரி. இப்படி ஒரு சின்னப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் நோயாளிகள் முன்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் மிஷல் பர்ஷ்வா 1990-லேயே காட்டினார்.

சென்னையிலும் "ஆவாஸ்" என்று ஒரு கருவி பிறந்தது. படத்தைத் தொட்டால் குரல் வரும். செய்தவர் அஜித் நாராயணன். பேச முடியாத குழந்தைகளுக்காகச் செய்தது. மறதி நோய்க்காக அல்ல. வழி என்னவோ ஒன்றுதான்.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு எழுத்து எதற்கு? பேத்தியின் குரலைப் பதிந்து வைத்தால் போதும். ஆனால் 100 படம் வைத்தால் பாட்டி குழம்பிவிடுவார். நாலைந்து போதும், அதுவும் பழைய படங்கள். புதிய நினைவுதான் முதலில் போகிறது.

"நான் யாரு, சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்கக்கூடாது. "அப்பா, நான்தான் உங்க மூத்தவன்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். வெளியே போனால் வழி தெரியாமல் திண்டாடுவார்கள். சட்டைப்பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணில் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது.