குளத்தைக் கெடுத்தவர் யார்?

கொச்சியில், மட்டாஞ்சேரிக்கு அருகே சுள்ளிக்கல் என்றோர் இடமுண்டு. என் அத்தையின் வீடு அங்கேதான். பள்ளி விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம் பக்கத்துக் குளத்தில் நீந்துவோம். ஓராண்டு கோடைமழை கொட்டிய மறுநாள் நீந்திய சிறுவர் நால்வருக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. குளக்கரையில் ஆடு மேய்த்த பெரியவர்மீது பழி விழுந்தது. அத்தை அவரை ஏசினார், நான் கல்லெறிந்தேன். அவர் பிறகு அக்கரைக்கு வரவேயில்லை.

நுண்ணுயிரியல் பயிலும் இன்று எண்ணிப் பார்க்கிறேன். சான்று ஒன்றுமின்றியே தீர்ப்பளித்துவிட்டோம். அச்சான்றைத் தேடும் வழியை நண்பர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கலைக்கு நம் நாட்டிலேயே பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1884-இல் கல்கத்தாவுக்கு வந்திருந்த ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக், காலரா பரவிய பகுதியொன்றின் குளத்தை ஆராய்ந்தார். சுற்றிலும் குடியிருந்தோர் குளித்ததும் துவைத்ததும் குடித்ததும் அந்நீரையே. அதில் காலராக் கிருமியைக் கண்டார். அங்கே முதலில் இறந்தவரின் துணிகள் அக்குளத்தில் அலசப்பட்டதும் தெரியவந்தது.

நோய்க்கிருமி ஒவ்வொன்றையும் நீரில் தேடுவது கடினம். ஆகவே, மலத்தில் ஏராளமாக வாழும் கோலிபார்ம் பாக்டீரியாக்களை எண்ணுகிறார்கள். குளிக்கும் நீரில், 100 மில்லிலிட்டருக்கு மலக் கோலிபார்ம் 500-க்குள் இருப்பது நலம். 2500-ஐத் தாண்டலாகாது என்பது நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். ஆனால் இவ்வெண், மலம் கலந்துள்ளது என்று மட்டுமே சொல்லும். யாருடையது என்று சொல்லாது. மனிதன், ஆடு, காகம் ஆகிய எல்லாவற்றின் குடலிலும் ஈ. கோலி வாழக்கூடும் அல்லவா?

முன்னாளில் மலக் கோலிபார்மின் எண்ணிக்கையை மல ஸ்ட்ரெப்டோகாக்கஸின் எண்ணிக்கையால் வகுத்தனர். ஈவு 4-க்கு மேலெனில் மனித மலம், 0.7-க்குக் கீழெனில் விலங்கு மலம் என்றனர். இரு இனங்களும் நீரில் வெவ்வேறு வேகத்தில் மடிவதால் அக்கணக்கு நம்பத்தக்கதன்று எனப் பின்னர் தெளிந்தது. 2000-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்ன்ஹார்டு, ஃபீல்டு என்னும் இருவர் வேறு வழி கண்டனர். பாக்டீராய்டிஸ் என்னும் குடல்வாழ் இனத்தின் மரபணுக்களில், மனிதக் குடலுக்குரிய அடையாளமும் அசைபோடும் விலங்குக்குரிய அடையாளமும் தனித்தனியே உள்ளன. அவற்றைப் பிரித்தறியலாம்.

ஆயினும், ஆய்வுக்கூடத்துக்கு முன்னர் கால்நடையாகக் கரையைச் சுற்றிவர வேண்டும். ஓடைகள், கழிவுக்குழிகள், தொழுவங்கள் ஆகியவற்றைப் படத்தில் குறிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வாய்க்கால் முகத்திலும் நீரெடுத்து, பனிக்கட்டியில் வைத்து, விரைவில் சோதிக்க வேண்டும். மேலே தூய்மையாகவும் கீழே அழுக்காகவும் இருந்தால், கேடு இடையில்தான் சேர்கிறது. வறண்ட நாளிலும் எண்ணிக்கை மிகுந்திருந்தால் ஓயாத கசிவு ஒன்று உண்டெனலாம். மழைக்குப் பின் மட்டும் ஏறினால், தரையில் கிடப்பதும் குழியில் நிரம்பி வழிவதும் ஐயத்துக்குரியன. கொச்சி போன்ற தாழ்நிலத்தில் ஓதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கடல்நீர் ஏறுகையில் கால்வாய்க் கழிவு பின்னோக்கி வரக்கூடும். ஆதலின் ஏற்றத்தில் ஒருமுறை, இறக்கத்தில் ஒருமுறை நீரெடுப்பது முறை.

சுள்ளிக்கல் குளத்தில் இவற்றுள் ஒன்றும் அன்று நடைபெறவில்லை. ஆடுகள் காரணமாக இருந்திருக்கலாம். கரையோர வீடுகளின் கழிவுக்குழிகள் மழையில் வழிந்தும் இருக்கலாம். அத்தை வீட்டுக் குழியும் அக்கரையில்தான் இருந்தது. அதை எவரும் எட்டிப் பார்க்கவில்லை.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே! பெருமழை பெய்த பின் இரண்டு மூன்று நாட்களேனும் குளத்தில் இறங்காதீர்கள். நீர் கெட்டதென்று பேச்சு எழுந்தால், பிறரைச் சுட்டுமுன் உங்கள் வீட்டுக் குழியையும் படத்தில் குறியுங்கள்.