கடை கட்டுவோர் கவனத்திற்கு: காசு கொடுக்க முன் அத்தாட்சி கேளுங்கள்

நம்மில் பலர் கட்டிடக் கலைஞரிடம் போவது பிளான் கீறுவதற்கு மட்டும்தான். நகரசபையில் பிளான் பாஸானதும் அவரை மறந்துவிடுகிறோம். நான் அதற்கும் ஒரு படி மேலே போனவன். எனது இரண்டு மாடிக் கடைக்கு, ஒப்பந்தத்தை நிர்வகிக்கவும் கட்டணம் கொடுத்து ஒருவரை அமர்த்திவிட்டு, அவரைக் கேளாமலே காரியம் பார்த்தேன்.

பெருநாள் நெருங்கும்போது ஒப்பந்தக்காரர் வந்தார். "ஹாஜியார், ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கணும்" என்றார். மனமிரங்கி ஐந்து இலட்சம் கொடுத்தேன். படிக்கட்டை இடம் மாற்றும்படியும் வாயால் சொன்னேன். பெருநாளுக்குப் பின் ஒரு மாதம் வேலை நின்றது. பிறகு படிக்கட்டுக்கென்று பெரியதொரு மேலதிக பில் வந்தது. கட்டிடக் கலைஞரிடம் ஓடினேன். "நீங்கள் கொடுத்த காசும் என் கணக்கில் இல்லை, மாற்றச் சொன்ன கட்டளையும் என் பைலில் இல்லை. எதை வைத்து நான் பேசுவது?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

முறை இதுதான். ஒப்பந்தக்காரர் செய்த வேலைக்குப் பில் சமர்ப்பிப்பார். கட்டிடக் கலைஞர் வேலையைப் பார்த்து, அளவையும் தரத்தையும் சரிபார்த்து, கொடுக்க வேண்டிய தொகைக்கு அத்தாட்சிப் பத்திரம் தருவார். அதன்படியே நாம் செக் எழுத வேண்டும். பத்து இலட்சம் ரூபாய் வேலைக்கு, ஒப்பந்தத்தில் பத்து வீதம் பிடிக்க உடன்பட்டிருந்தால், ஒரு இலட்சத்தை நிறுத்திவைத்து ஒன்பது இலட்சம் கொடுப்போம். அப்படிச் சேரும் பணத்தில் பாதியைக் கட்டிடத்தைப் பாரமெடுக்கும்போதும், மீதியைக் குறைதிருத்தும் காலம் முடிந்த பின்னும் விடுவிப்பது வழக்கம். கூரை ஒழுகினால் ஒப்பந்தக்காரரைத் திரும்ப அழைத்து வருவது அந்தப் பணம்தான்.

"நம்மிடம் கட்டணம் வாங்குபவர் நம் பக்கம்தானே பேச வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். மற்றக் காரியங்களில் அவர் நமது பிரதிநிதிதான். ஆனால் அத்தாட்சி கொடுக்கும்போது தராசு பிடிப்பவரைப் போல இரு தரப்புக்கும் நீதமாக நடக்க வேண்டும். அதற்காக அவர் பொறுப்பிலிருந்து தப்பவும் முடியாது. இங்கிலாந்தில் ஒரு வீட்டு வேலையில், பழுதான வேலைக்கும் சேர்த்து அத்தாட்சி கொடுக்கப்பட்டது. ஒப்பந்தக்காரரோ கடனில் மூழ்கினார். கவனமின்றி அத்தாட்சி கொடுத்தால் கட்டிடக் கலைஞர் உரிமையாளருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டிவரும் என்று 1974இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

இன்னொன்று. கட்டிடக் கலைஞர் இடைக்கிடைதான் வந்து பார்ப்பார். கம்பியையும் சீமெந்தையும் தினமும் கவனிக்க, தளத்தில் தனியாக ஒரு மேற்பார்வையாளர் வேண்டும்.

ஒப்பந்தக்காரரைத் தெரிவு செய்யுமுன், அவர் சீடா எனப்படும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். முன்பு இக்டாட் என்று நாம் அறிந்திருந்த நிறுவனத்தின் இடத்தில், 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி வந்தது இது. மாற்றம் எதுவானாலும் கட்டிடக் கலைஞர் ஊடாக, விலையோடு எழுத்தில் கொடுங்கள்.

ஒரு மூடை அரிசிக்கும் பில் கேட்கும் வியாபாரிகள் நாம். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டும் கட்டிடத்தில் மட்டும் ஏன் வாய்ச்சொல்லை நம்ப வேண்டும்?