திருவண்ணாமலை மலை நகருதா? நிசார் கண்ணை மறைக்கும் அயனமண்டலம்

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அந்த மலைச்சரிவு இன்னும் நகருதா? 747 கி.மீ. உயரத்திலிருந்து பார்க்கலாம்.

2025 ஜூலை 30-ல் இஸ்ரோவும் நாசாவும் அனுப்பிய நிசார் செயற்கைக்கோள், 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் வந்து ரேடார் அலை வீசும். முந்தைய அலையோடு ஒப்பிட்டால், தரை சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் தெரிந்துவிடும்.

சிக்கல் நடுவழியில்தான். சூரியக் கதிர் பட்டு எலெக்ட்ரான்கள் பிரிந்து கிடக்கும் அயனமண்டலம் அலையின் வேகத்தை மாற்றிவிடும். அங்கே எலெக்ட்ரான் அளவு கூடிக் குறைந்தால், அசையாத மலையும் நகர்ந்த மாதிரி காட்டும். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடி வழியாகப் போவதால் நம்ம பக்கம் தொல்லை கொஞ்சம் அதிகம். நிசார் காலை, மாலை 6 மணி வாக்கில் கடக்கிறது. மாலையைவிடக் காலைதான் அமைதி.

செவ்வாயில் இன்னும் மோசம். மார்ஸ் எக்ஸ்பிரஸ் ரேடாரின் குறைந்த அதிர்வெண் அலைகளைப் பகலில் அயனமண்டலமே திருப்பி அனுப்பிவிடும். அதனால் நிலத்தடி ஆய்வுக்கு இரவுதான் தோது.

நிசாருக்கு வழி இருக்கு. அதிர்வெண் குறைந்தால் பாதிப்பு கூடும். எனவே அலைவரிசையை மேல், கீழ் என இரண்டாகப் பிரித்து, வித்தியாசத்தைப் பார்த்து எலெக்ட்ரான் கணக்கைக் கழிக்கிறார்கள்.

ஆனால் இதில் சிக்குவது மெதுவாக நகரும் சரிவு மட்டுமே. ஒரே நாள் மழையில் திடீரென விழும் மண்ணுக்கு 12 நாள் ரொம்ப நீளம்.