வீட்டில் ஒரு மரப்படகு: பிளைவுட், எபாக்ஸி, ஃபோம் மூணுக்கும் என்ன வேலை?

மொட்டை மாடியிலயோ கார் ஷெட்லயோ வெச்சு, ரெண்டு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு சின்ன மரப்படகு கட்ட முடியுமா? வீடியோக்களைப் பார்த்துட்டு நிறைய பேருக்கு வர்ற ஆசை இது. முடியும். ஆனா பிளைவுட், எபாக்ஸி, ஃபோம், இந்த மூணுல எது எதுக்குன்னு தெரியாம கட்டினா, படகு கரையில அழகா இருக்கும், கடல்ல ஆளைக் கைவிட்டுடும். அதனால ராமேஸ்வரம், ராமநாதபுரம் கரையை மனசுல வெச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

மரமும் ஈரமும்

வீட்டுக்காரரே படகு கட்டுறது ராமேஸ்வரத்துக்குப் புதுசு இல்லை. அந்த ஊரில் கட்டின ஒரு படகைப் பத்தி இந்தியா முழுக்கப் படிச்சிருக்காங்க. அப்துல் கலாமோட அப்பா ஜைனுலாப்தீன், ராமேஸ்வரத்துக்கு வர்ற யாத்ரீகர்களை தனுஷ்கோடிக்குக் கூட்டிட்டுப் போய்க் கொண்டுவர, கடற்கரையிலேயே ஒரு பாய்மரப் படகு கட்டினார். கலாமுக்கு அப்போ ஆறு வயசு இருக்கும், அதாவது 1937 வாக்கில். உறவினர் அகமது ஜலாலுதீன் கூடமாட இருந்து உதவினார். 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் கலாம் இதைச் சொல்லும்போது ஒரு சின்னத் தகவல் வரும்: படகுக்கான மரத்தை விறகுத் தீயின் சூட்டில் பக்குவப்படுத்தினாங்க. பின்னாடி வந்த ஒரு புயல் அந்தப் படகைக் கொண்டுபோயிடுச்சு.

அந்தத் தீ எதுக்கு? மரத்துக்குள்ள இருக்கும் ஈரத்தை விரட்டத்தான். ஈரம் ஏறினா மரம் உப்பும், இறங்கினா சுருங்கும். பலகைப் படகு ரொம்ப நாள் வெயில்ல கிடந்தா பலகைகள் சுருங்கி இடுக்கு விடும். தண்ணியில இறக்கினதும் கொஞ்ச நேரம் ஒழுகும், அப்புறம் மரம் உப்பி தானே அடைச்சுக்கும். மிச்ச இடுக்குக்குப் பஞ்சு வெச்சு அடைப்பாங்க. அதுக்குப் பேர்தான் கலப்பத்து. பழைய படகுங்க ஈரத்தோட ஒத்துப்போய் வாழ்ந்துச்சு. எபாக்ஸி படகு நேர் எதிர். அதுல ஈரம் மரத்தைத் தொடவே கூடாது.

தைத்து ஒட்டுறது

வீட்டில் கட்டுறவங்க பெரும்பாலும் எடுக்கும் முறை 'தைத்து ஒட்டுவது'. பிளைவுட் தாளை வரைபடப்படி வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, செப்புக் கம்பியால தைச்சு இழுத்தா, தட்டையா இருந்த பலகை படகு வடிவத்துக்கு வளைஞ்சு வந்துடும். உள்பக்க மூலைகளில் மரத்தூள் கலந்த எபாக்ஸியைப் பூசி, மேலே கண்ணாடி இழைப் பட்டை ஒட்டுவாங்க. இறுகினதும் கம்பியை உருவிடலாம். இதுக்குப் பெரிய தச்சு வேலை தெரிஞ்சிருக்கணும்னு இல்லை.

இதைப் பிரபலப்படுத்தினது பிரிட்டனில் 1963இல் வந்த மிர்ரர் டிங்கி. நீளம் 11 அடிக்குக் கொஞ்சம் குறைவு, எடை சுமார் 45 கிலோ. சாதாரணக் குடும்பம் வீட்டிலேயே கட்டணும்னு ஒரு செய்தித்தாள் ஆதரவோட வந்த வடிவம். உலகம் முழுக்க 70,000க்கு மேல கட்டியிருக்காங்க.

தைக்கிற யோசனை நம்ம கரைக்கு அதைவிடப் பழசு. சென்னைக் கரையில் அலையைத் தாண்டிப் போக ஓடின மசூலா படகுகள், ஆணி இல்லாம தென்னங்கயிற்றால் தைச்ச பலகைகள்தான். 1980களில் இந்த ரெண்டும் கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் சந்திச்ச மாதிரி ஆச்சு. கட்டுமரத்துக்கான மரம் கிடைக்காம விலை ஏறின நேரம் அது. பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே, மீனவர்களோட சேர்ந்து பிளைவுட்டைத் தைச்சு ஒட்டின கடல் படகுகளை அங்கே உருவாக்கினார். அந்த அனுபவத்தை அவர் 1985இல் ஒரு புத்தகமாவும் எழுதினார். அப்புறம் மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ் அந்த வகைப் படகுகளைத் தன் படகுத் தளங்களில் கட்டிச்சு. அதனால பிளைவுட் படகு பொழுதுபோக்குக்காரங்க பொம்மைன்னு நினைச்சுடாதீங்க. அதை நம்பித் தொழிலுக்குப் போன குடும்பங்கள் இருக்கு.

பிளைவுட் வாங்கும்போது கடைக்காரர் 'வாட்டர்ப்ரூஃப்'னு சொல்றதோட விட்டுடாதீங்க. பலகையில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கான்னு பாருங்க. அதுதான் மெரைன் பிளைவுட்.

எபாக்ஸி: பசை மட்டும் இல்லை

எபாக்ஸிக்கு ரெண்டு வேலை. ஒண்ணு ஒட்டுறது. இன்னொண்ணு, மரத்தின் எல்லாப் பக்கத்தையும் மூடி ஈரத்தை வெளியே நிறுத்துறது. உள்ளே, வெளியே, வெட்டின ஓரம், ஸ்க்ரூ போட்ட துளை, எல்லாம் சேர்த்தி. ஒரு ஓரத்தை விட்டாலும் பிளைவுட் அந்த வழியா தண்ணியை உறிஞ்சும். மேலே பூச்சு இருக்கிறதால அது காயவும் முடியாம உள்ளேயே மக்கும்.

நம்ம ஊர் ஃபைபர் படகுகளுக்குப் பாலியஸ்டர் ரெசின்தான் வழக்கம், விலை குறைவு. ஆனா மரத்தில் அது எபாக்ஸி அளவுக்குப் பிடிக்காது.

ராமநாதபுரம் வெயிலில் எபாக்ஸியோட வேலை செய்யும்போது மூணு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

முதல்ல, சூடு 10 டிகிரி ஏறினா எபாக்ஸி இறுகும் வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும். வெளிநாட்டு வீடியோவில் 30 நிமிஷம்னு சொன்னா, இங்க மே மாசத்தில் 15 நிமிஷம்கூட கிடைக்காம போகலாம். டப்பா நிறைய கலந்து வெச்சா அது தன் சூட்டிலேயே கொதிச்சுப் புகையும். கொஞ்சம் கொஞ்சமா கலந்து, அகலமான தட்டில் ஊத்திக்கோங்க. மெதுவா இறுகும் ஹார்டனர் கேட்டு வாங்குங்க.

ரெண்டாவது, காலை வெயில் ஏறும் நேரத்தில் முதல் பூச்சு அடிக்காதீங்க. மரம் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரிஞ்சு, பூச்சைத் துளைச்சுக் குமிழா வெளியே வரும். ஒவ்வொரு குமிழும் ஒரு ஓட்டை. சாயங்காலம் மரம் ஆறும்போது அடிச்சா, காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கும்.

மூணாவது, கடற்கரை ஈரக்காற்றில் இறுகின எபாக்ஸி மேல மெழுகு மாதிரி ஒரு படலம் வரலாம். தண்ணி விட்டுத் தேய்ச்சுக் கழுவாம அடுத்த பூச்சு போட்டா ஒட்டாது. கடைசியா மேலே பெயின்ட் கட்டாயம், ஏன்னா வெயிலின் புற ஊதாக் கதிர் எபாக்ஸியை அரிச்சுடும். கையுறை இல்லாம தொடாதீங்க, தோல் ஒவ்வாமை வந்தா அப்புறம் போகாது.

ஃபோம்: படகு கவிழும் நாளுக்கு

இப்போ முக்கியமான இடம். படகு மிதக்கிறதுக்கு ஃபோம் தேவையே இல்லை. உள்ளே தண்ணி வராத வரை அதன் வடிவமே மிதக்க வைக்கும். அலை உள்ளே விழுந்து படகு நிறைஞ்ச பிறகுதான் ஃபோமுக்கு வேலை.

கணக்கு எளிது. 1 லிட்டர் ஃபோம் ஏறக்குறைய 1 கிலோவைத் தாங்கும். 1 கன அடின்னா சுமார் 28 கிலோ. பிளைவுட் தானே மிதக்கும். இன்ஜின், பேட்டரி, நங்கூரம்தான் கீழே இழுக்கும். இதெல்லாம் 50 கிலோன்னு வெச்சுக்கோங்க. தண்ணியில இருந்தபடி பிடிச்சுத் தொங்கும் ரெண்டு பேருக்கு 20 கிலோ, கைவசம் 30 கிலோ. ஆக 100 லிட்டர், ஏறக்குறைய 4 கன அடி.

எங்கே வைக்கிறோம்கிறதும் முக்கியம். அடித்தளத்தில் வெச்சா, தண்ணி நிறைஞ்ச படகை ஃபோம் கீழேருந்து தள்ளிக் கவிழ்த்துடும். பக்கவாட்டில் மேல் விளிம்பை ஒட்டியும், முன்னாடி பின்னாடி மூலைகளிலும் வெச்சா படகு நிமிர்ந்தே நிற்கும். ஊத்தி விரியும் பாலியூரித்தேன் ஃபோம்னா, முழுக்க மூடின அறைக்குள்ள ஊத்தாதீங்க, விரியும் அழுத்தத்தில் பிளைவுட் வளைஞ்சுடும். முகமூடி போட்டு, திறந்த வெளியில வேலை செய்யுங்க. பக்கத்தில் ஈரம் வடிய வழியும் விடுங்க.

தெர்மாகோல் போதுமே, விலை குறைவுதானேன்னு தோணும். நம்ம கரையில் தெர்மாகோல் கட்டிகளைக் கட்டி அதுமேலயே மீன்பிடிக்கப் போறவங்களையும் பார்க்கலாம். ஆனா தெர்மாகோலைப் பெட்ரோல் கரைச்சுடும். சந்தேகம் இருந்தா ஒரு துண்டில் நாலு சொட்டு விட்டுப் பாருங்க. டேங்க் கசிஞ்சு உள்ளே இறங்கினா, நீங்க நம்பியிருக்கிற மிதவை உங்களுக்கே தெரியாம காணாமப் போயிருக்கும். பாலியஸ்டர் ரெசினும் அதைக் கரைக்கும், எபாக்ஸி கரைக்காது. தெர்மாகோல்தான் போடணும்னா எபாக்ஸி பூசி, பெட்ரோல் எட்டாத இடத்தில் வையுங்க. உடைஞ்சா மணி மணியா கடலில் கலக்கும்கிறதையும் மறந்துடாதீங்க.

இறக்குறதுக்கு முன்னாடி

பாம்பன் பக்கம் வடகடல், தென்கடல்னு பிரிச்சுச் சொல்வாங்க. கச்சான் காற்று அடிக்கும் மாசங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வாடை வந்தா வடகடல். எந்த நாள் எந்தப் பக்கம் அமைதின்னு உள்ளூர் மீனவர்கிட்ட கேட்காம இறங்காதீங்க. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அங்கே படகை ஒதுக்கக் கூடாது. மீன்பிடிக்கப் போறதா இருந்தா 1983ஆம் வருஷச் சட்டப்படி படகைப் பதிவு செய்யணும்.

அதுக்கும் முன்னாடி ஒரு சோதனை. அலை இல்லாத இடத்தில், இடுப்பளவுத் தண்ணியில் படகை நிறுத்துங்க. இன்ஜினுக்குப் பதிலா அதே எடைக்குக் கல் மூட்டையை அதே இடத்தில் கட்டுங்க. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு, விளிம்பு வரை தண்ணியை மொண்டு ஊத்தி நிரப்புங்க. படகு நிமிர்ந்து நிற்குதா? ரெண்டு பேர் பிடிச்சுத் தொங்கினாலும் தாங்குதா? சாஞ்சா, ஃபோமை இடம் மாத்தி மறுபடி நிரப்பிப் பாருங்க. இந்தச் சோதனையில் தேறின பிறகு பெயின்ட் அடிச்சுப் பேர் எழுதுங்க.